பாடு இல்லாதவன் தள்ளிய தோணி

காட்டூர்ப் பாதையில் பாதி தூரம் வந்த பிறகுதான் செருப்பை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்க வழியில்லை. இனி அந்த ஊர் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்று என்னிடம் சொல்லி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. மாசி மாத வெயில். ஏரி முதுகுக்குப் பின்னால் இருந்தது. வரப்பில் புல் இருந்த இடமாகப் பார்த்துக் கால் வைத்து நடந்தேன். வழியில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தவர்களிடம் வேலை உண்டா என்று கேட்டேன். ஆள் போதும் என்றார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

எட்டாம் வகுப்பில் பாதியோடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல் நான் இருந்ததில்லை. நெல்லூர்ப் பக்கம் அரிசி ஆலை, எண்ணூர்ப் பக்கம் உப்பளம், மெட்ராஸில் மூட்டை தூக்கும் வேலை. பழவேற்காட்டுக்கு வந்தது எமர்ஜென்சி முடிந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து. வரவேண்டும் என்று வரவில்லை. ஒரு கருவாட்டு வண்டி அங்கே போனது, ஏறிக்கொண்டேன்.

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் ஒரு படகுக்காரரிடம் சேர்ந்தேன். ஐம்பது வயது இருக்கும். வலது தோள் இறங்கிப்போயிருந்ததால் கழி ஊன்ற முடியாது. சொந்தமாகத் தோணி உண்டு, பிள்ளை கிடையாது. அவரும் அவர் மனைவியும்தான். நான் கழி ஊன்றினேன். சோறு அங்கே, படுக்கை தோணியில். அவரை அண்ணே என்றும் அந்த அம்மாவை அண்ணி என்றும் கூப்பிட்டேன்.

அந்த ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. முகத்துவாரத்துப் பக்கம், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓடையில்தான் இறால் நன்றாக விழும். அங்கே இன்ன நாள் இன்ன வீட்டுக்காரர் வலை கட்டலாம் என்று முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஒவ்வொரு ஆம்பிளைக்கும் ஒரு பங்கு. ஒருவன் பாடு நடக்கும் நாளில், அவன் வலை எடுக்கும்வரை, வேறு எந்தத் தோணியும் அந்த ஓடையில் நுழையக் கூடாது. நுழைந்தால் நுழைந்தவனுடைய பாடு ஒரு வருஷத்துக்கு நின்றுபோகும். இறாலுக்கு வெளிநாட்டு விலை வந்திருந்த காலம். வருஷத்தில் அந்தச் சில நாள்களை வைத்துத்தான் ஒரு வீடு அரிசி வாங்கியது.

எனக்குப் பாடு கிடையாது. வெளியூர்க்காரன், கல்யாணமும் இல்லை.

பனிக்காலத்தில் எங்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். அவற்றைப் படம் எடுப்பதற்காக மெட்ராஸிலிருந்து ஒரு டூர்க்காரர் வேனில் ஆள்களை அழைத்து வருவார். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். நாங்கள் தோணியில் ஏற்றிக்கொண்டு போவோம். குப்பத்தில் கேலிக்குக் குறைவில்லை.

"இறால் புடிக்கிறவன் இருக்கான், நண்டு புடிக்கிறவன் இருக்கான். நீ இன்னா நைனா, நாரைய சும்மா பாத்துட்டு வர்றதுக்கு ஆள் இட்டுனு போற?"

"பாக்குறதுக்கும் துட்டு குடுக்குறாம்ப்பா" என்பார் படகுக்காரர். "ஒன்னிய எவனாச்சும் பாக்க வர்றானா?"

வேலை இப்படி. பறவைகள் தெரியும் தூரத்தில் பாயை இறக்கிவிட வேண்டும். கழி ஊன்றினால் ஆள் நிற்பது தெரிந்து பறந்துவிடும். அதனால் நான் தண்ணீரில் இறங்கி, தோணியின் பின்பக்கம் குனிந்து, தலை வெளியே தெரியாமல் தள்ளிக்கொண்டே போவேன். இடுப்பளவு தண்ணீர், முழங்கால் அளவு சேறு. சேற்றில் கிளிஞ்சல் இருக்கும், காலைக் கிழிக்கும். முன்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தோணிக்குள்ளிருந்து படகுக்காரர் பலகையைத் தட்டுவார். ஒரு தட்டு இடப்பக்கம், இரண்டு தட்டு வலப்பக்கம். ஒரு மணி நேரம் தள்ளினால் இருநூறு கஜம் போகலாம். வெள்ளைக்காரர்கள் படுத்தபடி படம் எடுப்பார்கள். ஒரு படத்தையும் நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் வந்தவர்களில் ஒருவர் தனியாக வந்திருந்தார். வயதானவர், நீண்ட கால்கள், தோணியில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். ஒரு பனிக்கரடியின் படத்தைப் பையில் வைத்திருந்தார். வெள்ளையில் வெள்ளையாக ஒரு மிருகம் எழுந்து நின்று, ஒரு வண்டியின் கண்ணாடியை முகர்ந்துகொண்டிருந்தது. அவர் எடுத்ததாம். அவர் சொல்வதை டூர்க்காரர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். கரடி இருக்கிற பனி நாட்டிலும் இப்படித்தான் ஆள்களைக் கூட்டிக்கொண்டு போவார்களாம். கரடிக்குப் பின்னால் போகக் கூடாதாம். வண்டியை நிறுத்திவிட்டு நாள் கணக்கில் சும்மா இருக்க வேண்டுமாம். கரடி அதுவாக வந்தால் உண்டு, இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

"நாள் கணக்குலயா? சோறு?" என்றார் படகுக்காரர்.

"வண்டியிலயே எல்லாம் இருக்கும். ரொட்டி, காபி."

"அப்ப கரடி அதுக்குத்தான் வந்திருக்கும்."

டூர்க்காரர் அதை இங்கிலீஷில் சொன்னதும் பெரியவர் வெகுநேரம் சிரித்தார்.

இரண்டு நாள் போனோம். பறவைகள் எட்டத்திலேயே இருந்தன. மூன்றாவது நாள் அவருக்குக் கடைசி நாள். அமாவாசைக்கு மறுநாள் காலை. போய்ப் பார்த்தால் பறவைகள் ஓடைக்கு அந்தப் பக்கத்து மணலில் திட்டாக நின்றுகொண்டிருந்தன. அவ்வளவு கிட்டத்தில் நானே பார்த்ததில்லை. ஆனால் நடுவில் ஓடை. ஓடையில் வலை கட்டியிருந்தது.

"இன்னிக்கு வேற வூட்டுப் பாடு" என்றார் படகுக்காரர். "அவரு வலை எடுக்கட்டும். அப்பால போலாம்."

"எப்ப எடுப்பாரு?"

"தண்ணி முழுசா வடியணும். பத்து மணி ஆவும்."

டூர்க்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்கு வேன் கிளம்ப வேண்டும். "இன்னா அண்ணாத்த, நீதான் ஏரியில கில்லாடின்னு சொல்லி இட்டாந்திருக்கேன். இப்பிடி பேஜார் பண்றியே. அடுத்த வருஷத்து டூர் எல்லாம் ஒனக்கேன்னு நெனச்சினு இருந்தேன். வேற தோணி பாக்கணும் போலக்குது."

பெரியவர் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்தான் வாயைத் திறந்தேன். "ஓரமா தள்ளினு போயிடலாம்ணே. வலைகிட்ட போவாம சுத்திப் போறேன்." கழி ஊன்றுகிறவனுக்கு ஏரியே தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்கு வந்திருந்தது. அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கலாம் என்ற எண்ணமும் இருந்தது. அது எனக்குப் புதிது.

படகுக்காரர் வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "ஒனக்குப் பாடு கெடையாது இல்ல?" என்றார்.

"இல்ல."

"பாடு இருக்கிறவன் போனாத்தான் தப்பு. இல்லாதவன யாரு இன்னா கேப்பாங்க? நா இங்கியே எறங்கிக்கிறேன். நீ போய்ட்டு வா."

ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு மணல்திட்டு இருந்தது. அதில் இறங்கிக் குந்தி பீடி பற்ற வைத்தார். அவர் கணக்கு அவருக்குச் சரியாகவே பட்டது. எனக்கும் சரியாகவே பட்டது.

பலகையைத் தட்ட அன்று ஆள் இல்லை. டூர்க்காரர் "இன்னும், இன்னும்" என்று மட்டும் கிசுகிசுத்தார். நான் குனிந்தபடி தள்ளினேன். வடிகிற தண்ணீர் தோணியை ஓடைக்குள் இழுத்தது எனக்குத் தெரியவில்லை. ஓர் இடத்தில் தோணி நின்றது. சேறு என்று நினைத்தேன். தோளைக் கொடுத்து முழு பலத்தோடு நெம்பினேன். அது வலைக் கழி. முறிந்த சத்தம் வெடி போட்ட மாதிரி கேட்டது.

அந்தச் சத்தத்தில்தான் பறவைகள் எழுந்தன. அத்தனையும் ஒரே சமயத்தில். நான் நிமிர்ந்து பார்த்தபோது வானம் சிவப்பும் கறுப்புமாக இருந்தது. பெரியவர் மல்லாந்து படுத்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். கீழே என் காலைச் சுற்றிக்கொண்டு, அறுந்த வலையிலிருந்து இறால் ஓடியது. கால் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. அந்த வீட்டுக்கு அந்த அமாவாசையின் இறால் அவ்வளவும் கடலுக்குப் போய்விட்டது.

பெரியவர் குனிந்து என் சேற்றுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்ணில் தண்ணீர். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. கரையிலிருந்து வலைக்காரர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். டூர்க்காரர் ஒன்பது மணிக்கே வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊர்க்கூட்டம் மறுநாள் காலை, கோயில் முன்னால். போவதற்கு முன் அண்ணி என்னை வீட்டுக்குப் பின்னால் கூப்பிட்டாள். மீன் அரிந்துகொண்டிருந்தவள் அரிவாள்மனையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நீ ஒண்டிக்கட்ட. இன்னிக்கு இங்க, நாளைக்கு எங்கியோ. அவரு வாணாம்னு சொல்லியும் நீதான் தோணிய எடுத்துனு போனேன்னு சொல்லிடு. பாடு நின்னா நாங்க இன்னாத்த துன்றது? அவரு தோளுக்கு யாரு வேல குடுப்பா?"

சரி என்றேன். பாதி உண்மைதானே.

கூட்டத்தில் அப்படியே சொன்னேன். வலைக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு ராத்திரி உழைப்பு போன ஆத்திரம் அவருக்கு.

"வாணாம்னு சொன்ன மனுசன் குந்தினு பீடி புடிச்சினு இருந்தாரா? ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே?"

ஊர்ப் பெரியவர் கையைக் காட்டி அவரை அடக்கிவிட்டுப் படகுக்காரர் பக்கம் திரும்பினார். "யாரு போனாங்கிறது பேச்சில்ல. ஆளுக்குப் பாடு இல்லன்னா இன்னா, தோணிக்கு இருக்குதுல்ல? போனது ஒன் தோணி." பிறகு என்னைக் காட்டினார். "ஒன் வார்த்தைய மீறி அவன் எடுத்துனு போயிருந்தா அது திருட்டு. அப்ப ஒன் மேல தப்பு இல்ல. சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு. ஒன் பாடு ஒனக்கு."

வெற்றிலையில் சூடம் வைத்துக் கொளுத்தினார்கள். ஒரு வார்த்தை சொல்லி உள்ளங்கையால் அமுக்கினால் போதும். அண்ணி பெண்கள் பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை நீட்டினார். கை சூடத்துக்கு மேலேயே நின்றது. சூடு பட்டிருக்கும், ஆனாலும் எடுக்கவில்லை, அமுக்கவும் இல்லை. சூடம் சின்னதாகிச் சின்னதாகி, தானாகத் தீர்ந்தது. வெற்றிலை கருகிய வாசனை வந்தது.

"நாந்தான் போவச் சொன்னேன்" என்றார்.

ஒரு வருஷம் பாடு கிடையாது என்று தீர்ந்தது. கோயில் வாசலில் பொய் சொன்ன எனக்கு ஊரில் இடம் கிடையாது. ஏரியில் இருக்கிற மற்றக் குப்பங்களுக்கும் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள்.

அண்ணி என்னைத் திட்டவில்லை. அவரைத்தான் திட்டினாள். "ஒரு பொய்யி. ஊரே சொல்லுது. ஒனக்கு ஒண்ணு சொல்ல வரல." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஏன் இன்னும் நிக்கிற?" என்றாள்.

துணிப்பையை எடுக்கத் தோணிக்குப் போனேன். படகுக்காரர் கூடவே வந்தார். உள்ளங்கை நடுவில் கொப்புளம் எழும்பியிருந்தது. அதைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மெட்ராஸில் கட்டட வேலைக்கு வயசானவர்களை எடுப்பார்களா என்று கேட்டார். எடுப்பார்கள் என்றேன். அதுதான் நான் அன்றைக்குச் சொன்ன இரண்டாவது பொய். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

காட்டூரைத் தாண்டிப் பொன்னேரி வரை நடந்தேன். ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறி எளாவூரில் இறங்கினேன். அங்கே ஆந்திர எல்லை செக்போஸ்ட்டில் எப்போதும் லாரி நிற்கும், ஆள் தேவைப்படும் என்று மூட்டை தூக்கிய காலத்தில் கேட்டிருந்தேன். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் கங்காணி மாதிரி ஒருவர் வந்தார். சோதனை போடுவதற்காக லாரியின் தார்ப்பாயை அவிழ்க்க வேண்டும், சோதனை முடிந்ததும் திரும்ப இழுத்துக் கட்ட வேண்டும். கயிறு கட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். எங்கே கற்றுக்கொண்டாய் என்றார்.

"தோணியில."

"எந்த ஊர்த் தோணி?"

அவர் தோளில் கிடந்த கயிற்றை வாங்கி ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினேன். அவர் மறுபடி கேட்கவில்லை. ஆந்திராவிலிருந்து வந்த மிளகாய் லாரி ஒன்று வரிசையில் முன்னால் நின்றது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு மேலே ஏறினேன்.