மானாங் சலூத்தின் இருமல்

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். திருவிழா நெருங்கினால் நாடக வாத்தியார். இலோக்கோஸ் பக்கத்து அந்த ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாரும் சலூத்தை அக்கா முறைவைத்து 'மானாங்' என்றுதான் கூப்பிடுவார்கள். மூர் இனத்து முஸ்லிம் மன்னனும் கிறிஸ்தவ ராஜாவும் வாளோடு மோதிக்கொள்ளும் கொமேத்யா நாடகத்தை இருபத்தாறு வருஷமாக அவள்தான் போடுகிறாள்.

போடுவதென்றால் லேசுப்பட்ட வேலையா? மூன்று மணி நேரம், அத்தனையும் பாட்டு மாதிரி வசனம். மூன்றுசக்கர வண்டி ஓட்டும் டெமெத்ரியோவும் சந்தையில் காய்கறி விற்கும் ஃபெலியும் எங்கே உட்கார்ந்து மனப்பாடம் செய்வது? மானாங் திரைக்குப் பின்னால் நின்று, தூசிக்கு இருமிக்கொண்டே, வரிவரியாக எடுத்துக்கொடுப்பாள். அவர்கள் முன்னால் நின்று முழங்குவார்கள். அவள் எது சொன்னாலும் முழங்குவார்கள், அதுதான் வம்பு. ஒருமுறை "ஐயோ, கால் மரத்துப்போச்சே" என்று அவள் முனக, ராஜா டெமெத்ரியோ எதிரியைப் பார்த்து வாளை உயர்த்தி, "ஐயோ, கால் மரத்துப்போச்சே!" என்று கர்ஜித்தான். ஊரே சிரித்தது. மானாங் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

இந்த வருஷம் அவளுக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷன் செய்த டாக்டர், மூன்று மாதம் கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்றுவிட்டார். கழுத்தில் சிலேட்டை மாட்டிக்கொண்டு ஒத்திகை நடத்தினாள். வசனம் எடுத்துக்கொடுக்க வேறு ஆள் பார்க்கட்டுமா என்று எழுதிக் காட்டினாள்.

"வேற குரலு நம்ம காதுல ஏறாது மானாங். நான் மனப்பாடம் பண்ணிக்கறேன்" என்றான் டெமெத்ரியோ.

"யாரு, நீயா? சொந்த வீட்டத் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வர்ற ஆளு!" என்றாள் ஃபெலி.

மானாங் சிலேட்டை அழித்தாள். பாவம், தன் தொண்டையால் அவன் ஊர் முன்னால் அவமானப்பட வேண்டுமா?

திருவிழாப் பிற்பகலில் அவள் முதன்முதலாகச் சனங்களோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் தட்டுத்தடுமாறி ஓடியது. ராஜா மகளை மன்னிக்கும் கட்டம் வந்தது.

"மகளே, உன் கண்ணீர்..." என்றவன் அப்படியே நின்றான். வேர்த்துக் கொட்டியது. மானாங் தன்னை மறந்து வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு மீன்காரி முணுமுணுத்தாள். பக்கத்தில் இன்னொருத்தி சேர்ந்தாள். பிறகு பின்னாலிருந்த மூன்று வரிசையும். திரைக்குப் பின்னால் அவள் கிசுகிசுத்ததையெல்லாம் இத்தனை வருஷமும் இவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்!

"உன் கண்ணீர் என் வாளைக்..." எல்லாரும் ஒன்றாக இரண்டு தடவை இருமினார்கள். "...கழுவட்டும்."

அவள் எப்போதும் இருமுகிற அதே இடம். மானாங்குக்குக் கண் நிறைந்துவிட்டது.

டெமெத்ரியோ வரியைப் பிடித்துக்கொண்டான். ஆனால் குரல் எழும்பவில்லை. பழக்கதோஷம், அவள் சட்டென்று சிலேட்டில் எழுதித் தூக்கிப் பிடித்தாள்: 'சத்தமா!'

ராஜா அதைப் பார்த்தான். நெஞ்சை நிமிர்த்தி, வாளை உயர்த்தி, மகளைப் பார்த்து, "சத்தமா!" என்று முழங்கினான்.

ஊரே சிரித்தது. இந்தத் தடவை மானாங்கும் சிரித்தாள், சத்தமில்லாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டே.