அம்மாவின் இழுப்பும் இரண்டு காப்புறுதித் திட்டங்களும்

2007 ஓகஸ்டில் மூன்று நாள் லீவு போட்டு அக்கரப்பத்தனைக்குப் போனேன். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் கொழும்பு அலுவலகத்தில், பெற்றோரையும் மருத்துவக் காப்புறுதியில் சேர்க்கலாம் என்றார்கள். திட்டங்கள் இரண்டு, சம்பளத்தில் பிடிப்பது ஒரே தொகைதான். முதலாவது, தனியார் மருத்துவமனையில் தங்கினால் மூன்று லட்சம் வரை தரும். வெளியே வாங்கும் மருந்துக்கு ஒன்றும் கிடையாது. இரண்டாவது, தங்கினால் எழுபத்தையாயிரம்தான். ஆனால் டாக்டருக்கும் மருந்துக்கும் வருடம் பதினையாயிரம் உண்டு. முதலாவதென்று முடிவு செய்துவிட்டு, கையெழுத்து வாங்கத்தான் கிளம்பினேன்.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் காலை 5.55 ரயில், இரண்டாம் வகுப்பு 180 ரூபாய். அட்டனிலேயே ஸ்வெட்டரைப் போட்டுவிடுங்கள். சிங்கமலைச் சுரங்கம் தாண்டினால் குளிர் வேறு மாதிரி. தலவாக்கலையில் இறங்கும்போது 12.20. அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். கடைசி இரண்டு கிலோமீட்டர் ஏற்றத்துக்கு ஆட்டோ, நூறு ரூபாய். ஆட்டோ ஓட்டிய செல்வம் அண்ணனுக்கு எங்கள் வீட்டைத் தெரியும்.

“போன மாசம் ரெண்டு தடவ ஒங்கம்மாவ ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போனேங்க. மூச்சு விட முடியாமத் தவிச்சாங்க. சொல்லலியா?”

சொல்லவில்லை. வாராவாரம் போனில் “சொகமா இருக்கோம்” என்றுதான் சொன்னார்கள்.

அம்மா கொழுந்தெடுத்துவிட்டு வந்ததும் கேட்டேன். அவர் அலமாரியிலிருந்து இழுப்பு மருந்தை எடுத்து வைத்தார். தலவாக்கலை டாக்டர் தினமும் இரண்டு வேளை எடுக்கச் சொன்னது.

“ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் இழுக்குறேன். மாசா மாசம் வாங்க கட்டுப்படியாகல புள்ள.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?”

“நீயே வாடக ரூம்ல கெடந்து அல்லாடுற.”

அப்பாவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை இரண்டு தரம் படித்தார். அவருக்கும் முதல் திட்டம்தான் பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “சின்னதையே போடு” என்றார்.

“ஒங்களுக்கு ஏதாச்சும் பெருசா வந்தா?”

“கண்டி ஆஸ்பத்திரி இருக்கு. வரிசையில நின்னுக்கலாம். அவ மூச்சு வரிசையில நிக்குமா?”

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒருவரைக் காக்க இன்னொருவரை விட்டுக்கொடுக்கிற மாதிரி இருந்தது. மறுநாள் காலையில்தான் இரண்டாவது திட்டத்துக்கான கட்டத்தில் அடையாளம் போட்டேன். அதன்பின் அம்மா தினமும் இரண்டு வேளை மருந்தை இழுத்தார்.

பதினான்கு மாதம் கழித்து, மழையில் சறுக்கி விழுந்து அப்பாவுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. தனியார் மருத்துவமனையில் இரண்டு லட்சம் கேட்டார்கள். காப்புறுதி தரும் எழுபத்தையாயிரம் போக மிச்சம் எங்களுக்கு எட்டாது. கண்டி அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்குப் பதினொரு நாள் காத்திருந்தோம். அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்தபோதெல்லாம் அந்த அடையாளத்தை நினைத்து நொந்துகொண்டேன்.

சிகிச்சை முடிந்த மறுநாள் மத்தியானம், அம்மா சோற்றுப் பொட்டலத்தோடு வந்தார். செருப்பு தேய்ந்தது, பஸ்ஸில் இடம் கிடைக்காதது என்று வாசலிலிருந்தே பேச்சு. அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு மாடி ஏறி வந்திருக்கா. பேச்சு நிக்குதா பாரு” என்றார் என்னிடம். விழுந்ததிலிருந்து அன்றுதான் அவர் சிரித்தார்.

இப்போது அப்பா இடது காலைச் சற்றுத் தாங்கித்தான் நடக்கிறார். எந்தத் திட்டம் நல்லது என்று நண்பர்கள் கேட்டால் ஒன்று மட்டும் சொல்வேன். படிவத்தைத் தபாலில் அனுப்பாதீர்கள். ரயில் ஆறரை மணி நேரம்தான். நேரில் போய், அவர்கள் என்ன மருந்து எடுக்கிறார்கள், எதை எடுக்காமல் விடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.