எந்தப் பாஷையில் திட்டுவது?

பன்மொழி ஆய்வு என்பது, அடுத்தவர் வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்கப் பல்கலைக்கழகமே முத்திரை குத்திக் கொடுக்கும் அனுமதி. ஒரு வீட்டில் யார், யாரிடம், எப்போது, எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. முனைவர் பட்டத்துக்கு அலைந்த என் சக பாவிகளுக்கு அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு என்று தெரியும்.

செய்தி வாசிப்பவர்கள்

சிம்மக்கல் பக்கம் ருக்மணியக்கா வீடு. வீட்டுக்குள் சௌராஷ்டிரா, வாசலைத் தாண்டினால் தமிழ். ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவர் கணவர் கிருஷ்ணனுக்கு இந்தியும் வரும். இதைவிட நல்ல வீடு கிடைக்காது என்று துள்ளிக்கொண்டு போனேன். போனில் பதிவை ஆரம்பித்து மேஜையில் வைத்ததுதான் தாமதம், இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். "இன்று காலை நாங்கள் இட்லி உண்டோம்" என்றார் கிருஷ்ணன். "ஆம், நன்றாக இருந்தது" என்றார் அக்கா. போகிற நாளெல்லாம் இதே கதை.

என் நெறியாளர் அம்மா பதிவுகளைக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். உருப்படியான பேச்சு வராவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுக் கேட்டார்: "நீ வீட்டுக்குப் போனியா, இல்ல ரேடியோ ஸ்டேஷனுக்குப் போனியா?"

நடுவர்

தலைப்பு போய்விடும் என்ற பயத்தோடு அடுத்த முறை போனேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. திருப்பரங்குன்றத்தில் இருக்கும் தங்கை குடும்பத்தைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருப்பதாகக் கிருஷ்ணன் சாதாரணமாகச் சொன்னார். கூப்பிட்டது அன்றைக்கு மதியத்துக்கே!

அக்கா சௌராஷ்டிராவில் ஆரம்பித்தார். அந்த வேகத்தில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. திடீரென்று என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு பாப்பா, இனிமே நான் எம்புட்டு சமைப்பேன்?" என்று தமிழ். மறுபடி அவர் பக்கம் சௌராஷ்டிரா. கிருஷ்ணனும் தன் கட்சியை என்னிடம் தமிழில்தான் வைத்தார். போன் அங்கே இருப்பதையே இருவரும் மறந்துபோனார்கள். என் தலைப்பு பிழைத்தது.

வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே, ஏன் இப்படி மாற்றி மாற்றிப் பேசினீர்கள் என்று கேட்டேன். அக்கா அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "திட்டு அவருக்கு, அது எங்க பாஷை. நியாயம் சொல்ல வேண்டியது நீயில்ல? அதான் தமிழு."

போர்வை

சில மாதம் கழித்துக் கிருஷ்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். பார்க்கப் போனபோது அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். மயக்கம் முழுசாகத் தெளியாத கிருஷ்ணன், "பனி... பனி..." என்று முனகிக்கொண்டிருந்தார். நர்ஸ் ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வையைப் போர்த்தினார். அவர் இன்னும் சத்தமாகப் "பனி" என்றார். இன்னொரு போர்வை வந்தது. அதை அவர் கையை வீசித் தள்ள, நர்ஸின் முகம் மாறிவிட்டது. ஜன்னியோ என்று டாக்டரைக் கூப்பிடத் திரும்பினார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அக்கா வீட்டில் யாராவது வெயிலில் வந்து உட்கார்ந்தால் முதலில் காதில் விழும் வார்த்தை அது. "சிஸ்டர், அவருக்குக் குளிரல. தண்ணி கேக்குறாரு. அவங்க பாஷையில பனின்னா தண்ணி!" என்றேன். நர்ஸ் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்து ஸ்பூனில் கொஞ்சம் கொடுத்தார். தொண்டை நனைந்ததும் கிருஷ்ணன் கண்ணைத் திறந்து, வேர்த்து வழியும் முகத்தோடு என்னைப் பார்த்தார். "இம்புட்டுப் போர்வை எதுக்கும்மா? வேகுது."

வாய்மொழித் தேர்வு

திருமங்கலத்திலிருந்து அப்பா பஸ் ஏறி வந்திருந்தார். விவசாயி, எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. அவருக்குப் பக்கத்தில் ருக்மணியக்காவும், நன்றாகத் தேறிவிட்ட கிருஷ்ணனும். வெளியூர்த் தேர்வாளர் ஆங்கிலத்தில் துளைத்தெடுத்தார். ஓரிடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்காவைப் பார்த்தேன், அவர் தலையாட்டியதும், அந்தச் சண்டைப் பதிவைப் போட்டேன். தேர்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். தன் வீட்டில் திட்டு கன்னடத்தில் விழும் என்றார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அவர் அறிவித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வெளியே வந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அக்காவும் கூட நின்றதால் தமிழிலேயே சொன்னார்: "அம்புட்டு நேரம் பேசுனதுல எனக்கு ஒண்ணும் வெளங்கல தாயி. அந்தாளு சிரிச்சாரு பாரு, அப்பத்தேன் உசுரு வந்துச்சு."

ஊரிலுள்ள பாஷையெல்லாம் காதில் வாங்கிப் படித்த நான், பட்டம் உறுதியான அன்று தடங்கலில்லாமல் பேசியது 'அப்பாடா' என்ற ஒரே சொல்தான்.