நசீர் நானாவின் பூட்டனும் எங்கள் படமும்

நசீர் நானா மௌத்தாகிவிட்டார்... காலையில் எருக்கலம்பிட்டியிலிருந்து அவருடைய மச்சான் போன் எடுத்துச் சொன்னார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம்.

எங்கள் முத்துக்குளிப்புப் படத்தைப் பார்த்த பலருக்கு அவரைத் தெரியாது. அதன் கதை அவர் வரைந்த காமிக்ஸ். திரைக்கதை மட்டும்தான் என்னுடையது.

வெள்ளைக்காரன் காலத்துச் சிலாவத்துறை. புருஷன் முத்துக்குளிக்க இறங்குவான், மேலே தோணியில் மனைவியின் அண்ணன் கயிறு பிடிப்பான். வேறு யாரையும் நம்ப மாட்டார்கள். தங்கச்சியை விதவையாக்க எந்த அண்ணனுக்கு மனம் வரும்?

நானாவின் பூட்டன் சேகு மீரான் அப்படிக் கயிறு பிடித்தவர். தங்கச்சி புருஷனுக்குக் கடலுக்குள்ளேயே மூச்சு அடங்கிப்போக, உள்ளங்கைத் தோல் உரிய உரிய இழுத்தவர். காமிக்ஸில் அந்தக் கைகளுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம்.

ஷூட்டிங் பார்க்க ஒருநாள் நானா வந்தார். ஹீரோவின் நீச்சல் கண்ணாடியைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தக் காலத்தில கண்ணாடி ஏது தம்பி? சரி, படம்தானே..."

நாங்கள் சேர்த்த, வெள்ளைக்காரத் துரையின் மகள் ஆடுகிற பாட்டுக்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் தயாரிப்புத் தரப்பில் இன்டர்வெலுக்கு ஒரு ட்விஸ்ட் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். ஒரு முத்துக்காக அண்ணன் கயிற்றை வெட்டுகிறான். படத்திலும் அவன் பெயர் சேகு மீரான்தான்.

நானா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கதையை மாத்துறதெண்டா மாத்துங்கோ. அந்தாளின்ர பேரையாவது எடுத்துவிடுங்கோ."

"ஓம் நானா, மாத்துறன்."

எல்லோருக்கும் வாயில் பழகிய பெயர்... டப்பிங்கில் பார்க்கலாம் என்று விட்டேன். டப்பிங்கில் அடியோடு மறந்துபோனேன்.

தியேட்டரில் அந்தக் காட்சிக்கு விசில் பறந்தது. நானா மச்சானோடு வந்திருந்தார். இன்டர்வெல் முடிந்து பார்த்தால் இரண்டு கதிரைகளும் வெறுமை.

ஒரு மாதம் கழித்து போன் எடுத்தார். "கலியாண வீட்டில ஆக்கள் சிரிச்சுச் சிரிச்சுக் கேக்கினம் தம்பி... உங்கட பூட்டன்தானே வெட்டினவர் எண்டு."

கோபமே இல்லாத குரல். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன்பிறகு அவர் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. வெட்கம்... வேறொன்றுமில்லை.

படம் இப்போதும் யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே கமெண்டில் அந்தப் பெயரைச் சொல்லி இன்றைக்கும் ஏசுகிறார்கள்.

சேகு மீரான் கயிற்றை விடவேயில்லை. வெட்டியதாக எழுதியவன் நான்.

மாப்புச் செய்யுங்கோ நானா... போயிட்டு வாங்கோ.