கூலிமில் நான் சொன்ன ‘ஆச்சு’

சனிக்கிழமை காலை 7.20. பட்டர்வொர்த் ரயில் நிலையத்துக்கு வெளியே கைப்பையும் குடையுமாக நின்றுகொண்டிருந்தேன். முதல் நாள் மாலையே கிள்ளானிலிருந்து வந்து பக்கத்தில் ஒரு சுமாரான விடுதியில் தங்கியிருந்தேன். வாடகை 85 மலேசிய வெள்ளி, காலை உணவு கிடையாது. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. அன்று முழுக்கச் சாப்பிடுவதுதான் என் வேலை.

ஒரு தமிழ் மாத இதழில் பல வருடங்களாகப் பயணக் கட்டுரை எழுதி வருகிறேன். படிப்பவர்களில் பெரும்பாலானோர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் சிலர் என் பேச்சை நம்பிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியும் விடுகிறார்கள். மணி என்னை அழைத்தது அந்தச் சிலருக்காகத்தான்.

மணிக்கு நாற்பது வயதிருக்கும். கூலிம் தொழிற்பேட்டையில் இயந்திரம் பழுது பார்க்கிறவர். நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு. அந்த ஓய்வு நாட்களில் தன் காடியில், அதாவது காரில், ஆட்களை ஏற்றிக்கொண்டு கெடா மாநிலத்தைச் சாப்பிட்டுப் பார்க்க வைப்பது என்று கிளம்பியிருந்தார். காலையிலிருந்து மாலை வரை நான்கு இடம், ஆளுக்கு 120 வெள்ளி. பினாங்கில் இப்படித் தெருவுக்கு ஒரு சுற்றுலா இருக்கிறதே, கெடாக்காரன் மட்டும் என்ன பட்டினியா கிடக்கிறான் என்று தொலைபேசியில் கேட்டார். அவருடைய முதல் விருந்தாளி நான்தான்.

காடியில் ஏறியதும் ஒரு தாளை நீட்டினார். கரங்கான், ரொட்டி. கூலிம், பரமேஸ்வரி அக்கா வீடு. சுங்கை பட்டாணி, டீச்சர் வீடு, ரசம் 3. யான், லக்சா. ஊர், அங்கே சாப்பாடு, அவ்வளவுதான் எழுதியிருந்தது.

‘ரசம் 3’ என்பதைப் பார்த்ததும் எனக்கு வாயில் நீர் ஊறிவிட்டது. மூன்று வகை ரசம் என்றால் சோறு, பொரியல், அப்பளம் எல்லாம் பின்னாலேயே வரும். நல்ல ரசத்துக்காக நான் நாலு மைல் நடப்பேன். வயிற்றை மதியத்துக்குக் காலியாக வைத்திருப்பது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். இந்தக் கட்டுரையின் வினையெல்லாம் அந்த முடிவில்தான் தொடங்கியது.

கூலிமுக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். வழியில் மணி பரமேஸ்வரியைப் பற்றிச் சொன்னார். மணி குடியிருக்கும் அடுக்குமாடியிலேயே கீழ் வீட்டுக்காரர். பதினாறு வருடமாக ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை, மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. இரவு முழுக்க உருப்பெருக்கியில் சின்னச் சின்னச் சில்லுகளைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்கு இன்று இரவு வேலைக்குப் போகும்போது கையெழுத்துப் போட வேண்டும். வாரத்துக்கு எட்டுப் பேராவது வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள் என்று தெரிந்தால் போடப்போவதில்லை.

“இன்னிக்கு நீங்க வர்றதப் பாத்துட்டுத்தான் முடிவுன்னு சொல்லிட்டாங்க அக்கா. நல்லா சமைப்பாங்க லா.”

அப்படியா என்றேன். சன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள் போய்க்கொண்டிருந்தன, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி சொன்னதெல்லாம் காதில் விழுந்தது. எனக்குத் தெரியாது என்று பிறகு நான் சொல்லிக்கொள்ள முடியாதபடி நன்றாகவே விழுந்தது.

8.30. கரங்கான், கூலிமைத் தாண்டி ஒரு சின்ன ஊர். ஒரு வரிசைக் கடைகள், அதைச் சுற்றி ரப்பரும் செம்பனையும். மூலையில் இருந்த கடையில் ரொட்டி சானாய் 1.80, கோப்பி 2 வெள்ளி. ரொட்டி ஓரத்தில் முறுகலும் நடுவில் பஞ்சுமாக இருந்தது. பருப்புக் குழம்பில் கத்தரிக்காயைக் கரைந்துபோகும்வரை வேகவிட்டிருந்தார்கள். ரப்பர் வெட்டிவிட்டு வந்த இரண்டு பேர் பக்கத்து மேசையில் பேச்சில்லாமல் சாப்பிட்டார்கள். நல்ல ரொட்டி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நான் பாதிதான் சாப்பிட்டேன். மீதியைத் தள்ளி வைத்தபோது மணி ஒரு மாதிரி பார்த்தார். மதியத்துக்கு இடம் வேண்டாமா என்றேன்.

9.50. கூலிம். இரவுப் பணி ஆட்களை இறக்கிவிட்ட தொழிற்சாலைப் பேருந்துகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. சந்திகளில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாக நின்று பச்சை விழுந்ததும் பாய்ந்தன. நகருக்குச் சற்று வெளியே ஐந்து மாடிக் கட்டடம், தரைத்தளத்தில் மூன்றாவது வீடு. பரமேஸ்வரி வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லியான பெண், நாற்பத்தைந்துக்குள் இருக்கும். புதுச் சட்டை போட்டிருந்தார், மடிப்பு இன்னும் கலையவில்லை. உட்காருங்கள் என்றார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“பசியாறிட்டீங்களா அக்கா?”

“ஆச்சு” என்றேன்.

வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் மலேசியத் தமிழில் பசியாறுவது என்றால் காலை உணவு. வாசலில் கால் வைத்தவரை முதலில் அதைத்தான் கேட்போம். கேட்கப்பட்டவர், குடல் ஒட்டிக் கிடந்தாலும், ஆச்சு என்பார். அதை யாரும் நம்ப மாட்டார்கள். ‘சும்மா சொல்லாதீங்க’ என்று இரண்டாம் முறை வரும். ‘ஒரு வாய்தான்’ என்று மூன்றாம் முறை வரும். அதற்குள் தட்டும் வந்துவிடும். விருந்தாளி முனகிக்கொண்டே முழுத் தட்டையும் முடிப்பார். பிறந்ததிலிருந்து இப்படித்தான் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறேன். ஆகையால் என் வாய் தானாகச் சொன்னது.

ஆனால் பரமேஸ்வரி இரண்டாம் முறை கேட்கவில்லை. சரிங்க அக்கா என்று உள்ளே போனார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அடுக்களை தெரிந்தது. அடுப்பில் மூடி போட்ட மூன்று பாத்திரங்கள், மேசையில் அளவாக நறுக்கிய வாழையிலைத் துண்டுகள். ஒரு கணம் எழுந்துபோய் மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று கூடத் தோன்றியது. அப்புறம் டீச்சர் வீட்டு ரசம் நினைவுக்கு வந்தது. வீட்டுச் சமையல்தானே, நம் வீட்டில் இல்லாததா என்றும் நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

அவர் கோப்பியும் பிஸ்கட்டும் கொண்டு வந்து வைத்தார். இருபது நிமிடம் பேசினோம். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், கூலிமில் வாடகை எவ்வளவு, கிள்ளானில் மழையா என்று. சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. கிளம்பும்போது நான் கும்பிட்டேன், அவரும் கும்பிட்டார். காடியில் மணி சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். வெயிலில் ஓட்டுகிற களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

11.40. சுங்கை பட்டாணி, கூலிமிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். பழைய தாமான் குடியிருப்பு ஒன்றில் மாமரம் வைத்த தனி வீடு. ஜெயமணி டீச்சர் எழுபதைத் தாண்டியவர், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம். மூன்று தலைமுறை இங்கே இருந்தும் வீட்டுப் பேச்சை விடவில்லை. வாங்கோ, இருங்கோ என்று வரவேற்றார். மேசையில் வெள்ளைத் துணி, அதன் மேல் மூன்று புட்டி, சின்னச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகள். சோற்றுத் தட்டைக் காணவில்லை.

ரசம் எப்போது வரும் என்று கேட்டேன். டீச்சர் புட்டிகளைக் காட்டினார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பிள்ளை, இது திராட்சை ரசம். கோயில்ல நாங்கள் இப்பிடித்தான் சொல்லுறது. நீங்கள் சோத்துக்கு விடுற ரசம் எண்டு நினைச்சிட்டீங்களோ?”

மணி, டீச்சர் சொன்னதைச் சொன்னபடி தாளில் எழுதியிருக்கிறார். தவறு என்னுடையது. நானும் விட்டுக்கொடுக்காமல் சிரித்தேன். டீச்சர் கிறிஸ்துமஸுக்காக வருடா வருடம் வீட்டிலேயே ஒயின் ஊறவைத்து, வருகிறவர்களுக்கு ஊற்றிக்கொடுப்பார். விற்பதில்லை, காசு நீட்டினால் கோபம் வரும். முதல் கோப்பை கறுப்புத் திராட்சை. கிராம்பு வாசம், முதலில் இனிப்பு, தொண்டையில் இறங்கும்போது லேசான துவர்ப்பு. இரண்டாவது அன்னாசி, அது வெளுத்த நிறத்தில் கூர்மையாக இருந்தது. மூன்றாவது ரோசெல் என்கிற புளிச்சைப் பூவில் செய்தது, புளிப்பும் சிவப்புமாக. எனக்கு அதுதான் பிடித்தது. இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தேன். அரை ரொட்டியின் மேல் நான்கு கோப்பை. எழுந்திருக்கப் பார்த்தேன், மாமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

டீச்சர் என்னைப் பிடித்து உட்காரவைத்து மணியைக் கடிந்துகொண்டார்.

“வெறும் வயித்தோடயே கூட்டிக்கொண்டு வந்தனீ? பரமேஸ்வரி வீட்டில வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் இஞ்ச வரவேணும் எண்டு நான் சொன்னனானெல்லோ.”

மணி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பரமேஸ்வரி டீச்சரிடம் படித்தவர். இந்தச் சுற்றில் சாப்பாடு அவருடையது, கோப்பை டீச்சருடையது என்று மூவரும் பேசி வைத்திருந்தார்கள். மரவள்ளிக்கிழங்கு அடை, நெத்திலி சம்பல், ஆட்டிறைச்சிப் பிரட்டல். முந்தின இரவு விடுப்புப் போட்டுவிட்டு விடியுமுன்னே அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறார். அப்படியானால் ஏன் இரண்டாம் முறை கேட்கவில்லை என்றேன்.

“நான்தான் அக்கா சொல்லி வச்சேன். டூர் ஆளுங்கள வற்புறுத்தக் கூடாது, ஒருதரம் கேட்டா போதும்னு. டூர் நடத்துறது எப்படின்னு ஒரு வீடியோ பாத்தேன், அதுல அப்படித்தான் சொன்னாங்க. நீங்களும் ஆச்சுன்னுட்டீங்க.”

எனக்குப் போதை இறங்கிவிட்டது என்று சொல்ல ஆசைதான். இறங்கவில்லை. உடனே கூலிமுக்குத் திரும்பு தம்பி என்றேன், ஆனால் நிற்கக்கூட முடியவில்லை. டீச்சர் என்னை அறையில் படுக்க வைத்தார். கண்ணை மூடினால் மூன்று பாத்திரங்களும் மூடியோடு வந்து நின்றன. எழுந்தபோது பிற்பகல் மூன்றரை. டீச்சர் சோறு போட்டுச் சாப்பிட வைத்தபிறகுதான் விட்டார். தொலைபேசியில் பரமேஸ்வரி எடுக்கவில்லை. வேலைக்கு முன் தூங்குவார் என்றார் மணி. யான் ஊரில் சாப்பிட இருந்த லக்சா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸைக் கைவிட்டோம். ஆகவே அந்த ஊரைப் பற்றி இந்தக் கட்டுரையில் ஒன்றும் இல்லை.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கூலிம் எல்லையில் ஒரு லாரி குறுக்கே நின்று அரை மணி நேரத்தைத் தின்றது. வீடு பூட்டியிருந்தது. 6.05-க்குப் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பிடித்தோம். நீலச் சீருடை, கழுத்தில் அட்டை, கையில் குடை. என்னைப் பார்த்ததும் பதறினார், நான் அவர் வீட்டில் எதையாவது மறந்து வைத்துவிட்டேனோ என்று கேட்டார்.

நான் மழையில் நின்றபடியே சொல்லிவிட்டேன். காலையில் ஆச்சு என்றது பொய். பாத்திரங்களைப் பார்த்தேன், பார்த்தும் கேட்கவில்லை, வேறு சாப்பாட்டுக்காக வயிற்றைக் காலியாக வைத்திருந்தேன். என் புத்தி கெட்டுப்போயிற்று. மன்னித்துவிடுங்கள் என்றேன். இப்போதாவது ஒரு வாய் கொடுங்கள் என்றும் கேட்டேன்.

“மேல் வீட்டு ஆளுங்களுக்கெல்லாம் குடுத்துட்டேன் அக்கா. கெட்டுப் போயிடும்ல.” குடையை என் பக்கம் நகர்த்திப் பிடித்தார். “டீச்சர் வீட்ல குடிச்சீங்களா? வெறும் வயித்துல குடிச்சா தல சுத்துமே.”

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்று கையெழுத்துப் போடாதீர்கள் என்று கெஞ்சினேன். என் கட்டுரையைப் படித்து ஆட்கள் கண்டிப்பாக வருவார்கள், நான் பொறுப்பு, பிரமாதமாக எழுதுகிறேன் என்றேன். அவர் கோபமே இல்லாமல் என் முகத்தைப் பார்த்தார்.

“என்னத்த எழுதுவீங்க அக்கா? நீங்க சாப்பிடவே இல்லயே.”

பேருந்து வந்து நின்றது. அவர் குடையை என் கையில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டார். அன்றிரவு கையெழுத்துப் போட்டுவிட்டதாக மறுநாள் மணி சொன்னார். நான் பட்டர்வொர்த்தில் ரயில் ஏறும் நேரம் அது.

கிள்ளானுக்கு வந்து சேர்ந்ததும் பக்கத்து வீட்டுக்காரர், கெடாவில் நன்றாகச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். எங்கள் கிள்ளானில் பத்தடிக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. எது நன்றாக இருக்கும், எது இருக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், தெரியாத இடத்தைப் பற்றியும் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். இந்தத் தடவை அதற்கு மனம் வரவில்லை. மணியின் சுற்று இப்போது மூன்று இடங்களோடு நடக்கிறது, போகிறவர்கள் போகலாம். கரங்கான் ரொட்டிக்கும் டீச்சரின் ரோசெல் கோப்பைக்கும் நான் உத்தரவாதம். கூலிமில் பரமேஸ்வரி என்று ஒரு பெண் இருக்கிறார். அவர் சமையல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.