என் டியூட்டியை அவர் பார்த்தார்

இது நடந்தது. நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம், எனக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. நான் குளிரூட்டி திருத்துகிறவன். தண்ணீர் எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பதினொரு வருடமாக என் பிழைப்பு. அன்று ஒழுகிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.

போன பெப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை. துபாய் சத்வாவில் எங்களுக்கு ஒரு உதைபந்தாட்டக் கழகம் இருக்கிறது. பெயர் தென்றல் யுனைட்டட். விளையாடுகிறவர்கள் பதினைந்து பேர், என்னைப் போலப் பார்க்க மட்டும் போகிறவர்கள் அதைவிடக் குறைவு. அன்று புஜைராவில் வெளியூர் ஆட்டம். எங்கள் கோல் காப்பாளர் ஏரம்பு அண்ணைக்கு அதுதான் கடைசி ஆட்டம். நாற்பத்தாறு வயது. விசா முடிந்து ஞாயிறு இரவு யாழ்ப்பாணம் போகிறார், இனித் திரும்பி வரமாட்டார். ஆறு வருடத்துக்கு முன்பு நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தங்க இடமில்லாமல் நின்றபோது, தன் கட்டிலை எனக்குத் தந்துவிட்டு ஆறு மாதம் தரையில் படுத்த மனிதர் அவர்.

அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சுஜந்தன், கோலுக்குப் பின்னால வந்து நில்லடா. முந்தியெல்லாம் எனக்குப் பின்னால ஒருத்தன் நிப்பான். பிறகு ஒருத்தரும் இல்ல. கடைசி நாளும் வெறுமையாக் கிடக்கக் கூடாது."

"நிப்பன் அண்ணை," என்று கையடித்துச் சொன்னேன்.

அன்று எனக்கு லீவு இல்லை. டியூட்டி மாற்றித்தான் போனேன். வளைகுடாவில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். இன்று உன் டியூட்டியை நான் பார்க்கிறேன், பிறகு என் டியூட்டியை நீ பார். ஏன் என்று கேட்பதில்லை. எந்த நாள் என்றும் கேட்பதில்லை. ஓம் என்றால் ஓம்தான். வாக்கு மாறினவனுக்கு அதற்குப் பிறகு நாங்கள் தங்குகிற தொழிலாளர் கேம்பில் மரியாதை கிடையாது.

நாங்கள் மூன்று பேர் ஒரு காரில் போனோம். கார் கௌஸ் நானாவுடையது. கௌஸ் முகம்மது, கீழக்கரைக்காரர், சத்வாவில் தையல் கடை. கழகத்துச் சட்டைகளைத் தைப்பவர் அவர்தான். மற்றவன் குகதாசன், என் அறைக்காரன். வெளியூர் ஆட்டம் என்றால் ஆட்டத்துக்கு முன்பு ஏதாவது ஹோட்டல் பாரில் கூடி இருந்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். நானா குடிக்கமாட்டார். எலுமிச்சை ஜூஸும் பெரிய டிவியும் போதும் அவருக்கு. குகதாசனுக்கு டிவி தேவையில்லை.

பிற்பகல் 2:10க்குப் புஜைராவில் ஒரு ஹோட்டல் பாருக்குள் நுழைந்தோம். ஆட்டம் 5 மணிக்கு. மைதானம் அங்கிருந்து காரில் இருபது நிமிடம்.

இந்த ஹோட்டல் பார்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜன்னல் இருக்காது. வெளியே நெருப்பு வெயில் அடித்தாலும் உள்ளே எப்போதும் இரவு பத்து மணி மாதிரித்தான் இருக்கும். எழும்ப மனமே வராது. அதுதான் எனக்கு எரிச்சல்.

3:30க்கு "வெளிக்கிடுவம்" என்றேன். "இன்னும் ஒண்டு," என்றான் குகதாசன். 4:00க்கு மறுபடி சொன்னேன். "இன்னும் ஒண்டு மச்சான், கடைசி." 4:30க்கு டிவியில் இங்கிலாந்து ஆட்டம் தொடங்கியது.

"தம்பி, ஒரு பத்து நிமிஷம். நம்ம டீம் விளையாடுது," என்றார் நானா.

"நானா, எங்கட டீம் இஞ்ச விளையாடுது! மைதானத்தில!"

"பதறாதீங்க தம்பி. போயிரலாம்."

4:40க்குப் போன் சார்ஜர் எடுக்கவென்று நானாவிடம் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே போனான் குகதாசன். போனவன் வரவில்லை.

4:50. அழைத்தேன், எடுக்கவில்லை. கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். கார் இருந்தது, ஆள் இல்லை. கழிவறை, வரவேற்பறை, நீச்சல்குளம், எல்லா இடமும் தேடினேன். டாக்சி ஆப்பைத் திறந்தால் பக்கத்தில் கார் இல்லை என்றது. ஒன்று வந்தது. நான் வாசலுக்குப் போவதற்குள் ரத்துச் செய்துவிட்டுப் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று மணித்தியாலம் முன்பே வந்து, இருபது நிமிடத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மனிதனின் கடைசி ஆட்டத்தைத் தவறவிடுவது என்றால் அதைவிட முட்டாள்தனம் வேறென்ன?

5:02க்குப் பாருக்குள் திரும்பி வந்தேன். நானா டிவியை விட்டுக் கண் எடுக்கவில்லை. நான் கதிரையில் விழுந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். எங்கள் மேசையின் நாலாவது கதிரையில் ஒருவர் இருந்தார்.

நீலச் சட்டை. நெஞ்சில் தென்றல் யுனைட்டட் என்ற எழுத்து. எங்கள் சட்டை இப்போது சிவப்பு, நீலம் நான் வருமுன் இருந்தது, பழைய படங்களில்தான் பார்த்திருக்கிறேன். யாரோ பழைய உறுப்பினர் என்று நினைத்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. நீச்சல்குளத்தில் இருந்து வந்திருப்பார் போல.

"ஏரம்புவின்ர மட்ச் தொடங்கியிருக்கும்," என்றார். எங்கள் கடற்கரைப் பக்கத்துப் பேச்சு. குரல் மட்டும் அடைத்துக் கிடந்தது.

"அதுதான் அண்ணை. பின்னால நிக்கிறன் எண்டு சொன்னனான். போக வழியில்ல."

அவர் தலையாட்டினார்.

சொட்... சொட்...

அவர் கதிரையில் இருந்து தரைக்குத் தண்ணீர் சொட்டியது. பணிப்பெண் வந்தாள். அவரைப் பார்க்காமல் மேலே கூரையைப் பார்த்தாள். "சாரி சார், ஏசி லீக்," என்று துணி எடுக்கப் போனாள்.

பழக்கதோஷத்தில் நானும் மேலே பார்த்தேன். அந்தக் கதிரைக்கு மேலே குளிரூட்டிக் குழாய் இல்லை. கழிவுநீர்ப் பைப் இல்லை. ஒன்றுமே இல்லை, வெறும் பலகைக் கூரை.

அவர் என் கதிரையின் முதுகில் தொங்கிய சிவப்புச் சட்டையைப் பார்த்தார். என் சட்டை. பன்னிரண்டாம் நம்பர். மைதானத்தில் போடலாம் என்று கழற்றி மாட்டியிருந்தேன்.

"தம்பி, இண்டைக்கு உம்மட டியூட்டிய நான் பாக்கிறன்," என்றார்.

நான் சிரித்தேன். "போக வாகனம் இருக்கோ?"

"கிட்டத்தானே." பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்கும் ஒரு டியூட்டி கிடக்கு. கனநாளாக் கிடக்கு. அத நீர் ஒருநாள் பாரும்."

"ஓம் அண்ணை, பிரச்சினையில்ல," என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை. எந்த நாள் என்றும் கேட்கவில்லை. வாய்ப் பழக்கம். எல்லோருக்கும் சொல்கிற மாதிரித்தான் அவருக்கும் சொன்னேன்.

சட்டையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிய விரல் என் கையில் பட்டது. ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது. அவர் எழும்பிக் கதவுப் பக்கம் நடந்தார். போனைப் பார்த்தேன். 5:07.

நிமிர்ந்தேன். கதவு ஆடவில்லை. அவர் இல்லை.

குகதாசன் 6:35க்கு வந்தான். ஹோட்டல் சமையலறையில் அவன் ஊர்ப் பெடியன் ஒருவன் வேலையாம், நிலத்தடி அறையில் கதைத்துக்கொண்டு இருந்தானாம், அங்கே சிக்னல் இல்லையாம். நான் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்பதால் திறக்கவில்லை.

7:00 மணி. மைதானம்.

எல்லாம் முடிந்திருந்தது. பஸ் போய்விட்டது. நாங்கள் இறங்கும்போதே கடைசி விளக்கையும் அணைத்தார்கள். மலைக்குப் பக்கத்தில் ஒரு வெட்டவெளி அது. கடல் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள்.

"கலாஸ் தம்பி, முடிஞ்சுபோச்சு. வாங்க போவோம்," என்றார் நானா.

எனக்கு மனம் கேட்கவில்லை. அவர் நின்ற கோலையாவது பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாக நடந்தேன்.

சொட்...

கோலுக்குள் ஏதோ தொங்கியது.

போன் வெளிச்சத்தை அடித்தேன்.

சொட்... சொட்...

என் சட்டை. பன்னிரண்டாம் நம்பர். வலையில் கொழுவியிருந்தது. பிழிந்தால் ஒரு வாளி நிறையும், அவ்வளவு ஈரம்.

தொட்டேன். முகர்ந்தேன். உப்பும் டீசலும் மணத்தது.

மண்ணில் ஈரக் கால்தடம் இருந்தது. வெறுங்கால். கோலுக்குப் பின்னால் இருந்து தொடங்கியது.

எங்கும் போகவில்லை.

அப்போது போன் அடித்தது. துள்ளிப் பதறி எடுத்தேன். 7:09. ஏரம்பு அண்ணை.

"டேய் தம்பி..." அவர் அழுதுகொண்டு இருந்தார். "வந்திட்டியடா. நான் நினைக்கேல்ல."

"அண்ணை..."

"லைட் கண்ணுக்குள்ள அடிச்சது, உன்ர முகம் தெரியேல்ல. பன்னிரண்டு நம்பர் தெரிஞ்சது. கடைசிப் பெனால்டிக்கு இடப்பக்கம் பாய் எண்டு சொன்னாய் பார்... பாய்ஞ்சு பிடிச்சிட்டன்! ஆனா உன்ர குரல் ஏனடா அப்பிடி? வாய்க்குள்ள தண்ணிய வச்சுக்கொண்டு கதைச்ச மாதிரி?"

நான் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அழுகையைக் கேட்டுவிட்டு எப்படிச் சொல்வது?

"தடிமன் அண்ணை, தொண்டை அடைச்சுப்போச்சு," என்றேன்.

காரில் வரும்போது கழகத்து வாட்சப் குழுவைத் திறந்தேன். யாரோ ஆட்டத்தின் முதல் படத்தைப் போட்டிருந்தார்கள். கோலுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு சிவப்புச் சட்டை. படம் வந்த நேரம் 5:08.

இருபது நிமிடத் தூரம். ஒரு நிமிடம்.

"நானா, எங்கட மேசையில இருந்தவர் ஆர்? நீலச் சட்டை போட்டவர்?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார் நானா. "யாருமில்லையே தம்பி. நீங்க தனியாத்தான் பேசிட்டு இருந்தீங்க. போன்ல பேசுறீங்கன்னு நெனச்சேன்."

பிறகு அவரே சொன்னார். "நீலச் சட்டையா? அது எட்டு வருசத்துக்கு முந்தி தெச்சது தம்பி. இப்ப யாருகிட்டயும் இல்ல."

ஞாயிறு இரவு ஏரம்பு அண்ணையை விமான நிலையத்தில் விடப் போனேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தவர் திடீரென்று நின்றார்.

"அந்த 'இடப்பக்கம் பாய்' எண்டதை ஆர் உனக்குச் சொல்லித் தந்தது? அது அமிர்தசீலன் சொல்லுறது."

"ஆர் அண்ணை அது?"

அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னார். சத்வாவுக்குக் குடிவருமுன் அவர் புஜைராவில், கப்பல்களுக்கு எண்ணெய் கொண்டுபோகிற படகில் வேலை செய்தவர், எங்கள் கழகத்து ஆட்டங்களுக்கு மட்டும் அங்கிருந்து வந்து போவார். கூட வேலை செய்தவன் அமிர்தசீலன். ஆட்டம் என்றால் கோலுக்குப் பின்னால் நிற்பவன் அவன்தான். ஒரு சனிக்கிழமை இறுதியாட்டம் வந்தது. ஏரம்பு அண்ணைக்குப் படகில் டியூட்டி.

"நீ போய் விளையாடு, உன்ர டியூட்டிய நான் பாக்கிறன் எண்டான். என்ர டியூட்டிய ஒருநாள் நீ பார் எண்டான். கழகத்து நீலச் சட்டையும் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனவன், போனில ஸ்கோர் கேக்கலாம் எண்டு. படகில இருந்து கால் வழுக்கி விழுந்திட்டான். ரெண்டாம் நாள்தான் கிடைச்சான்." கண்ணைத் துடைத்தார். "அவன்ர டியூட்டிய நான் பாக்கவே இல்லையடா. எப்பிடிப் பாக்கிறது?"

அவர் உள்ளே போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டினார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. இந்த நாட்டில் அவருக்கு இனி எந்தப் பாக்கியும் இல்லை.

அன்றிலிருந்து நான் யாருடனும் டியூட்டி மாற்றுவதில்லை. செத்தாலும் மாற்றமாட்டேன் என்று கேம்பில் எல்லோருக்கும் தெரியும். திமிர் பிடித்தவன் என்று திட்டுகிறார்கள். திட்டட்டும்.

நேற்று அடுத்த மாதத்து றோஸ்டர், யாருக்கு எங்கே எப்போது டியூட்டி என்ற அட்டவணை, வந்தது. என் பெயருக்கு நேரே புஜைரா என்று இருந்தது. நங்கூரம் போட்டு நிற்கிற எண்ணெய்ப் படகில் குளிரூட்டி வேலை. அது என் பகுதியே இல்லை. கோபத்தில் அலுவலகத்துக்கு அழைத்தேன். றோஸ்டர் போடுகிற ருமைஸா எடுத்தாள்.

"இத ஆர் போட்டது, தங்கச்சி?"

"நீங்கதானே அண்ணே மாத்திக்கிட்டீங்க? ஒங்க ஊர் ஆளு ஒருத்தர் போன் பண்ணாரே. 'என் டியூட்டிய சுஜந்தன் பாப்பார், பேசி வச்சிருக்கோம்'னு சொன்னாரு."

"பேர் சொன்னவரோ?"

"கேட்டேன், சரியா புரியல அண்ணே. கொரலே தெளிவா இல்ல... தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருந்திச்சு."

வருகிற பன்னிரண்டாம் தேதி. சனிக்கிழமை.

டியூட்டி தொடங்கும் நேரம் மாலை 5:07 என்று போட்டிருக்கிறது.