அவளைக் கேட்டால்தான் தெரியும்

கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாயே திறப்பதில்லை, போய்ப் பார்த்து எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நான் சிறப்பாசிரியை. காது கேளாத, பேச்சு வராத, மற்றவர்களோடு சேர்ந்து படிக்கத் திணறுகிற பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என் வேலை. சொந்த ஊர் வடக்கனந்தல். எங்கள் கரும்புக் கொல்லையில் நின்றால் மலை தெரியும். ஆனாலும் இந்த வேலைக்கு வரும்வரை மேலே ஏறியதில்லை.

ஒரு சனிக்கிழமை போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் நடை. அந்தப் பிள்ளையின் அம்மா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பக்கத்தில் இருந்தாள். ஆறு வயது. பின்னாலிருந்து கூப்பிட்டேன், உடனே திரும்பினாள். பேச்சும் தெளிவுதான், கேட்டால் ஒரு சொல் வந்தது.

பையிலிருந்து இரண்டு பொம்மைகளை எடுத்தேன். அடுத்தவர் மனதில் இருப்பது ஒரு பிள்ளைக்குப் புரிகிறதா என்று பார்க்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த கதை அது. ஒரு பொம்மை பந்தைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகும். அது போன பிறகு மற்றது வந்து பந்தை எடுத்து டப்பாவில் வைக்கும். முதல் பொம்மை திரும்பி வந்தால் எங்கே தேடும்? கூடையில் என்று சொன்னால் சரி, பந்து இடம் மாறியது அதற்குத் தெரியாதே.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அவளக் கேட்டாத்தான் தெரியும்."

"சும்மா சொல்லு கண்ணு. அவ இன்னா நெனச்சிக்கினு வருவா?"

பிள்ளை பொம்மையின் முகத்தருகே குனிந்து, "எங்க தேடுவ?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள். நான் தாளில் 'புரியவில்லை' என்று குறித்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். "உங்க பொண்ணு பள்ளிக்கூடத்துல ஏன் பேச மாட்டேங்கறா?"

"அவ மனசுல இன்னா இருக்குதோ, நான் எப்புடிங்க சொல்றது? அவளயே கேளுங்க."

பெற்றவளுக்கே தெரியவில்லையா என்று எனக்குக் கோபம். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை. ஒருத்தி சோற்றைப் பாதியில் வைத்து எழுந்தால், அவள் எதற்குக் கோபப்படுகிறாள் என்று மற்ற நான்கு பேரும் முடிவு செய்துவிடுவார்கள். சொல்லாமலே புரிந்துகொள்வதுதான் பாசம் என்று நம்பி வளர்ந்தவள் நான்.

மணி பன்னிரண்டு ஆகியிருக்கும். காலையில் ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவள், வழியில் எங்கும் ஒதுங்கவில்லை. கேட்கக் கூச்சம். காலை மாற்றி மாற்றி வைத்து உட்கார்ந்திருந்தேன். பிள்ளை எழுந்து ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். என் விரலைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் புதர் மறைவுக்கு அழைத்துப் போனாள். செம்பைக் கையில் கொடுத்துவிட்டு, பாதையைப் பார்த்துத் திரும்பி நின்று காவல் காத்தாள்.

திரும்பி நடக்கும்போது என் முகம் சுட்டது. அடுத்தவர் மனம் புரியாத பிள்ளை என்று இவளையா எழுதி வைத்திருக்கிறேன்?

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "தெரியாம இருக்குமாங்க? தெரியும். ஆனா அவங்க நெனப்ப நாம வாய்ல சொல்லிட்டா தப்பாப் பூடுமே. அது அவங்களுதாச்சே."

மலையில் எல்லோரும் இப்படித்தானா, இந்த வீடு மட்டும்தானா, எனக்குத் தெரியாது. பொம்மைகளைப் பிள்ளையிடமே கொடுத்து விளையாடச் சொன்னேன். முதல் பொம்மையைக் கூட்டி வந்தாள். நேரே கூடைக்குப் போய்த் துழாவ வைத்தாள். கூடையைக் கவிழ்த்தும் பார்த்தாள். நான் எழுதியதை அடித்துவிட்டு அவளிடம் கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல ஏன் பேசறதில்ல?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அது சுலபமாக இல்லை. மூன்று முறை நானே பதிலை எடுத்துக் கொடுக்க வாயெடுத்தேன். பயமா? பசங்க அடிக்கிறாங்களா? அடக்கிக்கொண்டேன். அவள் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கி முடித்த பிறகு சொன்னாள்: "டீச்சரு கேப்பாங்க. அவங்களே சொல்லிடுவாங்க."

திங்கட்கிழமை அந்த டீச்சருக்குப் போன் செய்தேன். சின்னசேலத்துப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருடம்தான். சங்கடப்பட்டாள். "ஐயோ, அவ முழிக்கறதப் பாத்து, தெரியலபோலன்னு நானே சொல்லிடுவேங்க." இனி காத்திருந்து பார்க்கிறேன் என்றாள். ஒரு மாதம் கழித்து அவளே கூப்பிட்டு, பிள்ளை வகுப்பில் கதை சொல்கிறாள், நிறுத்தத்தான் முடியவில்லை என்றாள்.

அதற்குள் எனக்கு வேறொன்று உறுத்த ஆரம்பித்திருந்தது. என் கணவரின் அண்ணி மூங்கில்துறைப்பட்டில் தனியாக இருக்கிறாள். அண்ணன் தவறி ஐந்து வருடம். நாங்கள் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று அவள் வரவில்லை. வயிற்றெரிச்சல் என்று நானே முடிவு கட்டி, இரண்டு வருடமாகப் பேச்சை விட்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் வரிசையாக நின்ற தெரு. கதவைத் திறந்து, "வா" என்று மட்டும் சொன்னாள்.

"அக்கா, பால் காய்ச்சனப்ப நீங்க ஏன் வரல?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மொறைக்குக் கூப்ட்டியா, மனசாரக் கூப்ட்டியான்னு தெரியல. தாலி இல்லாதவ பால் பொங்கற எடத்துல வந்து நின்னா நீ இன்னா நெனப்பியோன்னு வூட்லயே இருந்துட்டேன்."

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!"

"நீ கேட்டியா?"

அழுகை வந்தது. அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "சாப்ட்டியா?" என்றாள். இல்லை என்றேன். அன்று அவள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. இரண்டு பேரும் ஒரே மூச்சில் பேசினோம், பாதி நேரம் யார் என்ன சொன்னோம் என்றே தெரியவில்லை.

பொங்கலுக்கு வந்தாள். அடுப்பு மூட்டும் முன், "பக்கத்துல நிக்கட்டுமா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டாள். "நில்லுங்கக்கா" என்றேன். என் மாமியார் எதுவும் சொல்லவில்லை. அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் கற்பித்துக்கொள்ளவில்லை. மறுநாள் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன், கேட்கவும் செய்தேன்.